இறுகிய போல்ட்

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்ற பழமொழிக்கு மோட்டார் இன்ஜினைவிடச் சிறந்த உரையாசிரியர் கிடையாது. துருவேறி இறுகிப் போன ஒரு போல்ட்டை ஆத்திரத்தோடு திருகிப் பாருங்கள். தலை மட்டும் முறிந்து கையோடு வரும். உடல் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் துளை போட்டுத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை அமெரிக்கக் குடியானவர்களுக்கு வீட்டு வாசலிலேயே போதித்த வாத்தியார் ஒருவர் உண்டு. ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' மோட்டார்தான் அவர். 1908இல் பிறந்த அந்த வண்டி, 1927இல் நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடி பெருகிவிட்டது. 1917இல் அதே இன்ஜினைக் கொண்டு 'டிடி' என்ற ஒரு டன் லாரியும் வந்தது.

அந்நாளைய இன்ஜின்கள் பலவற்றில் சிலிண்டரும் அதன் மூடியும் ஒரே வார்ப்பு. உள்ளே படிந்த கரியைச் சுரண்டுவது பெரும்பாடு. ஃபோர்டு இன்ஜினிலோ மூடி தனி. 15 போல்ட்டுகளைக் கழற்றினால் பிஸ்டனும் வால்வும் கண்ணுக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த கையேடும் கேள்வி பதிலாகவே எழுதப்பட்டிருந்தது. பட்டறை பல மைலுக்கு அப்பால். சந்தைக்குப் போக வேண்டிய தானியமோ களத்தில். அப்படிப்பட்டவனுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்!

ஆனால் 'கழற்றவும்' என்று எழுதுவது சுலபம். போல்ட் சம்மதிக்க வேண்டாமா? துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் அது ஆப்பாக இறுகிவிடுகிறது.

இதற்குக் கைகண்ட வைத்தியங்கள் உண்டு. மண்ணெண்ணெயோ இளகிய எண்ணெயோ விட்டு ஓர் இரவு ஊற விடுவது ஒன்று. சுத்தியலால் மெல்லத் தட்டித் துருவை விரிசலிடச் செய்வது இன்னொன்று. தளர்த்துவதற்கு முன் சற்றே முறுக்கிப் பார்ப்பதும் உண்டு. பிஸ்டனே ஒட்டிக்கொண்டால், பிளக் துவாரம் வழியாக எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். போல்ட்டுகளெல்லாம் வந்த பிறகும் மூடி அசையவில்லையா? பிளக்குகளை மாட்டியபடியே இன்ஜினைக் கையால் சுற்றினால், உள்ளே அழுந்தும் காற்றே மூடியைக் கிளப்பிவிடும். நெம்புகோலை நுழைத்து வார்ப்பிரும்பை உடைப்பதைவிட இது புத்திசாலித்தனம் அல்லவா?

1953இல் சான் டியேகோ நகரில் ஒரு சிறு கம்பெனி, ராக்கெட்டுகளைத் துருவிலிருந்து காக்க ஓர் எண்ணெயைக் கண்டுபிடித்தது. நீரை விரட்டும் 40ஆவது கலவை என்பதே 'டபிள்யூடி-40' என்ற அதன் பெயரின் பொருள். 1958இல் அது கடைகளுக்கு வந்து, வீட்டு மெக்கானிக்குகளின் அலமாரியில் குடியேறியது.

பின்னர் வேறொரு துரு பிடித்தது. வண்டிக்குள் கம்ப்யூட்டர் புகுந்தது. கோளாறைப் படித்தறியும் வித்தையைக் கம்பெனிகள் தம் வசமே வைத்துக்கொண்டன. வாங்கியவனுக்கு ஸ்பானர் இருந்தும் பயனில்லை. மாசசூசெட்ஸ் மாகாண மக்கள் 2012இலும் 2020இலும் வாக்களித்து, பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் கேட்டார்கள். இந்தப் போல்ட்டும் ஒரே முறுக்கில் கழலவில்லை. கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின.

அதனால் என்ன? ஊற விட்டு, தட்டி, மறுபடியும் திருக வேண்டியதுதான். பொறுமை வேறு, விட்டுக்கொடுப்பது வேறு.