மஞ்சள் குதிரை வீரர்களின் எதிரி யார்?

டச்சு ஓவியர் ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர் (1857–1923) வரைந்த ‘மஞ்சள் குதிரை வீரர்கள்’ ஓவியத்தை முதலில் பார்த்தபோது ஏதோ போர்க் காட்சின்னுதான் நினைச்சேன். மணல்மேட்டில் இருந்து ஒரு படையே நம்மைப் பார்த்து இறங்கி வருது. எந்தப் போர்னு தேட ஆரம்பிச்சேன். கடைசியில் தெரிஞ்சது, இது வெறும் பயிற்சி!

முதலில் ஒரு திருத்தம். இவங்க குதிரைப்படையே இல்லை, பீரங்கிப்படை. சாதாரணப் பீரங்கிப்படையில் பலர் நடந்தோ வண்டியில் உட்கார்ந்தோ போவாங்க. இங்கே பீரங்கியை இயக்குகிறவர்களும் குதிரையில்தான் போகணும். அப்பதான் வேகமாப் போகிற குதிரைப்படைக்கு ஈடு கொடுக்க முடியும். சீருடையில் இருந்த மஞ்சள் பின்னல் கயிறுகளால் வந்த பட்டப்பெயர்தான் ‘மஞ்சள் குதிரை வீரர்கள்’.

பிரைட்னருக்குக் குதிரை வீரர்கள் புதுசு இல்லை. ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் 1881-ல் தி ஹேக் நகரில் ஒரு பிரம்மாண்டமான வட்ட ஓவியத்தை உருவாக்கினார். ஸ்கெவனிங்கன் கடற்கரைதான் காட்சி. சுமார் 14 மீட்டர் உயரம், சுற்றளவு ஏறத்தாழ 120 மீட்டர். அதில் கடற்கரையில் பயிற்சி செய்யும் குதிரை வீரர்களை வரைந்தது இளைஞர் பிரைட்னர். அடுத்த வருஷம் அதே ஊரில் அவரும் வான்கோவும் சேர்ந்து ஏழைகள் வாழும் தெருக்களில் படம் வரையச் சுத்தினாங்க. அந்தத் தெருப் பார்வையோடுதான் 1885–86-ல் மஞ்சள் வீரர்களையும் அவர் வரைந்தார்னு எனக்குத் தோணுது.

பழைய ராணுவ ஓவியங்களில் நடுவில் ஒரு தளபதி இருப்பார், வெற்றி இருக்கும். இதில் ரெண்டுமே கிடையாது. மணல், வெளிச்சம், குதிரைகளின் கனம், அவ்வளவுதான். பின்னால் வருகிறவர்கள் வெறும் தூரிகைத் தீற்றல்கள். இப்படிப்பட்ட படத்தை 1886-லேயே ரைக்ஸ்மியூசியம் வாங்கியது ஆச்சரியம்தான்.

சரி, எதிரி எங்கே? 1830-களில் பெல்ஜியத்தோடு மோதிய பிறகு, நெதர்லாந்து ராணுவம் ஐரோப்பாவில் எந்தப் போரிலும் இறங்கவில்லை. ஆனா நாடு அமைதியா இருந்ததுன்னு அர்த்தம் இல்லை. 1873-ல் சுமத்ராவின் அச்சே மீது தொடுத்த போர் இந்த ஓவியம் உருவான காலத்திலும் நடந்துக்கிட்டுதான் இருந்தது. பல்லாயிரக்கணக்கான அச்சே மக்கள் அதில் செத்தாங்க. அதை நடத்தியது தனியான ஒரு காலனிப் படை.

உள்ளூர்ப் படை மணல்மேட்டில் பயிற்சி, காலனிப் படை கடல் தாண்டிப் போர். கண் முன்னால் பார்த்ததைத்தான் பிரைட்னர் வரைந்தார், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனா இப்போ அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குதிரைகளுக்கு எதிரே நிஜமாவே நின்றவங்களோட நினைப்பும் கூடவே வருது.