பெட்-சி.டி. ஸ்கேனில் ஒளிரும் இடமெல்லாம் புற்றுநோயா?

பெட்-சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்ற சொற்களைக் கண்டதும் நோயாளியும் குடும்பத்தினரும் கலங்குவது இயல்பே. ஆயினும் அச்சொற்கள் ஐயத்தையே குறிக்கின்றன. நோயை உறுதி செய்வதில்லை. புற்றுநோய் இல்லாதபோதும் இருப்பதுபோல் பரிசோதனை காட்டுவது ‘பொய் நேர்மறை முடிவு’ எனப்படும்.

இது ஏன் நிகழ்கிறது?

இப்பரிசோதனைக்கெனக் கதிரியக்கத் தன்மையுள்ள ஒருவகைக் குளுக்கோஸ் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. புற்றுநோய்ச் செல்கள் அதனை மிகுதியாக ஈர்ப்பதால் படத்தில் ஒளிர்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் அழற்சிச் செல்களும் அவ்வாறே ஈர்க்கின்றன. ஆகவே காசநோய், நிமோனியா, பூஞ்சைத் தொற்று, சார்காய்டோசிஸ், அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவையும் ஒளிரக்கூடும். கையில் தடுப்பூசி போட்டபின் அக்குள் நெறிக்கட்டிகள் சில வாரங்கள் ஒளிர்வதுண்டு. அறிக்கையிலுள்ள ‘எஸ்.யு.வி.’ அளவு உயர்ந்திருப்பதை மட்டும் கொண்டு காசநோயையும் புற்றுநோயையும் பிரித்தறிய இயலாது.

எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு திசு எடுத்து ஆராயும் ‘பயாப்சி’ பரிசோதனையே முடிவைத் தரும். திசுவின் ஒரு பகுதி ஃபார்மலினில் இடப்பட்டுப் புற்றுநோய் ஆய்வுக்குச் செல்லும். ஃபார்மலினில் இட்ட திசுவில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது. எனவே மற்றொரு பகுதி காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பப்படுமா என முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முன்பு வந்த காசநோய், சர்க்கரை நோய், அண்மைக்காலக் காய்ச்சல், தடுப்பூசி ஆகியவற்றைத் தெரிவியுங்கள்.
• பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துச் செல்லுங்கள்.
• ‘காசநோயாகத்தான் இருக்கும்’ என்று நீங்களே முடிவு செய்து பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். இரு நோய்களும் ஒருவருக்கே இருக்கக்கூடும்.
• காசநோய் மருந்து உட்கொண்டும் கட்டி குறையவில்லை எனில் மறுபரிசோதனை அவசியம்.
• இருமலில் இரத்தமோ மூச்சுத்திணறலோ இருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எங்கு அணுகலாம்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் பகுதி மக்கள், 1928-இல் காசநோயாளிகளுக்கெனத் தொடங்கப்பட்டு இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்கும் தாம்பரம் சானடோரியத்தை அணுகலாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.