மைனஸ் 196 டிகிரியிலும் உடையாத பை... ஸ்டெம் செல்களைச் சேமிக்க எதைத் தேர்வு செய்வது?

மல்டிபிள் மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு அதிக டோஸ் கீமோதெரபி கொடுத்தால், எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே அழியும். அதனால நோயாளியின் ஸ்டெம் செல்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைப்பார்கள். கீமோ முடிந்ததும் அதுவே திரும்ப உடலில் ஏற்றப்படும். இடையில் அந்தப் பை உடைந்தால்? மறுபடி செல் எடுப்பது பலருக்கு சாத்தியமே இல்லை.

சாதாரண ரத்தப் பை போதாதா?

போதாது. ரத்தப் பைகள் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். திரவ நைட்ரஜனின் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

அப்படின்னா எந்தப் பை?

அதிகம் பயன்படுவது ஈவிஏ பை. குளிரை ஓரளவு நன்றாகவே தாங்கும், ஓரங்களை உறுதியாக ஒட்டலாம். இன்னொன்று டெஃப்லான் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்இபி. கடுங்குளிரிலும் வளையும் தன்மை அதிகம். ஆனால் ஓரங்களை ஒட்டுவது கடினம்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குச் சோதிக்கப்பட்டதா?
* செல்களைக் காக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தைத் தாங்குமா?
* ஓரங்கள், மூலைகள், குழாய் சேரும் இடங்கள் உறுதியா? விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.
* லேபிள் குளிரில் உரியாமல் இருக்குமா?

நல்ல பை வாங்கினால் மட்டும் போதுமா?

இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. காற்றை வெளியேற்றி, தட்டையாக அலுமினிய கேசட்டில் வைக்க வேண்டும். பொதுவாக நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்விப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக திரவ நைட்ரஜன் உள்ளே போனால் இன்னும் ஆபத்து. அறை வெப்பநிலைக்கு வரும்போது அது சுமார் 700 மடங்கு விரியும், பை வெடிக்கலாம்.

ஒரு பை கசிந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்தா?

ஆமாம். கிருமி கலந்த ஒரே சேமிப்புத் தொட்டி வழியாக நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் பி பரவியதை 1995-ல் 'தி லான்செட்' இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதனால்தான் இப்போது பைக்கு மேல் இன்னொரு உறை போடுகிறார்கள். பல மையங்கள் திரவத்தில் மூழ்கடிக்காமல், மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே நைட்ரஜன் ஆவியில் வைக்கின்றன.

விலையை மட்டும் பார்த்து பை வாங்கினால், ஒரு நோயாளியின் ஒரே வாய்ப்பையே பணயம் வைப்பதாகிவிடும்.