திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்

குருவிகுளம் போன்ற கரிசல் காட்டு ஊர்களில் இன்று தெருவுக்குத் தெரு பள்ளி வேன் வருகிறது. 200 வருடங்களுக்கு முன்பு தமிழகத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் ஒரு திண்ணைதான். அங்கே ஒரு நாள் எப்படிப் போனது?

விடியற்காலையிலேயே பள்ளி தொடங்கிவிடும். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் கேம்பல் 1823-ல் எழுதிய அறிக்கையில் ஒரு சுவையான செய்தி உண்டு. முதலில் வரும் பையன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாமவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும்!

பிறகு பாடம். சின்னப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். பெரியவர்கள் ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி எல்லாம் மனப்பாடம். மாகாணி என்றால் 1/16, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. நிலமும் நெல்லும் அளக்க இந்தக் கணக்கு தேவைப்பட்டது. வாத்தியாருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை இருந்தான்.

வீட்டுப்பாடமும் உண்டு. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார் வாத்தியார். மறுநாள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சென்னையில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது.

பெருமைப்படலாம். ஆனால் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். கவர்னர் தாமஸ் மன்றோ 1826-ல் தொகுத்த விவரப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர்தான்! தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பல ஊர்களில் திண்ணையில் இடமில்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார வெகுகாலம் ஆயிற்று. காமராஜர் ஆட்சியில் 1956-ல் தொடங்கிய மதிய உணவு அதற்குப் பெரிய துணை. திண்ணையின் மனக்கணக்கை வியப்போம். திண்ணைக்குக் கீழே நின்ற பிள்ளைகளையும் மறக்க வேண்டாம்.