12 வயசு ராஜா

காஞ்சிபுரம்னாலே நம்மாளுங்களுக்குப் பட்டுப் புடவையும் காமாட்சியம்மனும்தான். கூடுவாஞ்சேரியிலிருந்து கிளம்புறவங்க ஒருதடவை வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கும் போங்க. பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் சரித்திரம், சிற்பமா இருக்கு.

கி.பி. 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்ததும் காஞ்சிக்கு ராஜா இல்லை. ஊர்ப் பெரியவர்கள் மலை, ஆறு, காடெல்லாம் தாண்டி இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, "நான் போறேன்" என்று நின்றவன் பல்லவமல்லன். வயது 12! அப்பா தயங்க, தரணிகொண்டபோசர் என்பவர் தேற்றுகிறார். அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். நடுவில் சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடித்தான். அதையும் தாண்டி 60 வருஷத்துக்கு மேல் ஆண்டான். இந்தக் கோவிலும் அவன் கட்டியதே.

இந்தக் கோடை லீவில் தாத்தாவையும் சித்தி பையனையும் கூட்டிப்போயிருந்தேன். பையனுக்கு 13. வெளியூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேரணும்னு ஒரே அடம், தாத்தா விடமாட்டேங்கிறார். கதையைக் கேட்டதும் பயல், "பாருங்க தாத்தா, என்னைவிடச் சின்னவன்!" என்றான்.

தாத்தா சிற்பத்தையே பார்த்துக்கொண்டு, "அவங்கப்பன் அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பானாடா?" என்றார்.

பயலிடம் பதிலில்லை. என்னிடமும்தான். உங்க வீட்டில் என்ன சொல்லியிருப்பீங்க மக்களே?