சிறையிலிருந்து ஒரு பிறந்தநாள் பரிசு

ராசிங்காபுரத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். பரிசு வாங்கப் போடி கடைவீதிக்கு வந்திருக்கிறீர்கள். பொம்மையா, சட்டையா, சைக்கிளா? அரை மணி நேரமாகியும் முடிவாகவில்லை. போகட்டும், கடைவீதிக்கே போக முடியாத ஓர் அப்பாவின் கதையைக் கேளுங்கள்.

1930, அக்டோபர் 26. அலகாபாத் நைனி சிறை. மகள் இந்திராவுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். (இங்கிலீஷ் காலண்டரில் நவம்பர் 19. சம்வத் பஞ்சாங்கக் கணக்கில் முன்னாடியே வந்துவிட்டது.) உள்ளே இருக்கும் நேரு என்ன வாங்கித் தருவார்? பேனாவை எடுத்தார். மகளுக்கு உலக சரித்திரத்தையே கடிதங்களாக எழுத ஆரம்பித்தார்.

புரட்டிப் பார்க்க நூலகம் கிடையாது. பழைய குறிப்புகள், ஒன்றிரண்டு புத்தகங்கள், ஞாபகம். அவ்வளவுதான் முதலீடு. நினைத்தபோதெல்லாம் தபாலில் அனுப்பவும் முடியாது. எழுதியவை அவரிடமே குவிந்தன. போதாக்குறைக்கு, 1931 ஜனவரி 1 அன்று அம்மா கமலாவும் கைதானார்.

சிறைக்குப் போவதும் வருவதுமாக, 1933 ஆகஸ்டில் முடித்தபோது மொத்தம் 196 கடிதங்கள். 1934-ல் அவை புத்தகமாயின.

அந்த வயசுப் பெண்ணுக்குக் கடிதமா வேண்டும், அப்பா அல்லவா வேண்டும் என்கிறீர்களா? நியாயம்தான். கூட இருக்க முடியாதவர், தன் நேரத்தையாவது கொடுத்தார்.

நாம் வெளியேதான் இருக்கிறோம். பொம்மையே வாங்குங்கள், தப்பில்லை. நீட்டிவிட்டு, கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடையில் நின்ற அதே அரை மணி நேரம், அந்தக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு வாருங்கள்.