சிறுமூளையும் சிந்தனையும்: ஒரு கருத்து மாறிய வரலாறு

சிறுமூளை என்பது பெருமூளைக்குக் கீழே, மூளைத்தண்டின் பின்புறம் அமைந்துள்ள பகுதியாகும். மூளையின் எடையில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆயினும் 2009இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி சிறுமூளையிலேயே உள்ளன. உடல் அசைவுகளைச் சீர்செய்வதே இதன் பணி என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. சிந்தனையிலும் உணர்ச்சியிலும் இதற்குப் பங்குண்டு என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வலுப்பெற்றது.

அசைவுக்கான உறுப்பு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டையோட்டின் வடிவைக் கொண்டு குணநலனை அறியலாம் என்று கூறிய பிரான்ஸ் யோசெப் கால், பாலுணர்ச்சியின் இருப்பிடம் சிறுமூளை என்றார். இதற்குச் சோதனை ஆதாரம் இல்லை. 1809இல் இத்தாலியரான லூயிஜி ரோலாண்டோ, சிறுமூளை சேதமுற்ற விலங்குகளின் அசைவு கெடுவதைக் காட்டினார். பிரெஞ்சு அறிஞர் பியர் புளூரான்ஸ் புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றி, தம் முடிவுகளை 1824இல் நூலாக வெளியிட்டார். அப்பறவைகளுக்குப் பார்வையும் கேள்வியும் இருந்தன. ஒழுங்காக நடக்கவும் பறக்கவும் மட்டும் இயலவில்லை.

முதல் உலகப் போரில் குண்டுக் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், தள்ளாட்டம், கைநடுக்கம், குழறும் பேச்சு முதலிய அறிகுறிகளை 1917இல் விரிவாகப் பதிவு செய்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இவற்றைக் கற்கின்றனர்.

இம்முடிவுகள் தவறானவை அல்ல. ஆனால் இச்சோதனைகள் முதன்மையாக அசைவையே நோக்கின. ஒரு புறாவிடம் சொல்வளத்தையோ திட்டமிடும் திறனையோ அளக்க வழியில்லை. நோயாளியிடமும் கண்ணுக்கு முதலில் தெரிந்தது தள்ளாட்டமே.

புதிய சான்றுகள்

1970களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஹீத், கடும் மனநோயாளிகள் சிலரின் சிறுமூளை மீது மின்தூண்டிகளைப் பொருத்தினார். அவருடைய மூளைத் தூண்டல் ஆய்வுகள் அறநெறி சார்ந்த கண்டனங்களுக்கும் உள்ளாயின. 1986இல் ஹென்றியெட்டா லைனர், ஆலன் லைனர், ராபர்ட் டௌ ஆகிய மூவரும், மனிதரில் பெரிதும் வளர்ந்துள்ள சிறுமூளையின் பக்கப்பகுதிகள் மனத்திறன்களுக்கும் உதவக்கூடும் என்று எழுதினர்.

அதற்கடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டீவன் பீட்டர்சன் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பெயர்ச்சொல்லைக் காட்டி, அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைக் கூறச் செய்தனர். 'கத்தி' என்றால் 'வெட்டு' என்பது போன்ற பயிற்சி இது. பெயர்ச்சொல்லை அப்படியே உச்சரிக்கும்போது பதிவான செயல்பாடு இதிலிருந்து கழிக்கப்பட்டது. வாயசைவின் பங்கு நீங்கிய பின்பும் வலது சிறுமூளையின் பக்கப்பகுதியில் செயல்பாடு எஞ்சியது. பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் இடது பெருமூளையோடு இணைந்திருப்பது வலது சிறுமூளையே என்பதால் இது பொருத்தமாகவும் இருந்தது.

1994இல் பிராங்க் மிடில்டனும் பீட்டர் ஸ்ட்ரிக்கும், நரம்பணுக்களுக்கிடையே தாவிச் செல்லும் வைரசைக் குரங்குகளின் மூளையில் செலுத்தி இணைப்புகளைத் தடம் பற்றினர். சிறுமூளையின் தகவல், சிந்தனையோடு தொடர்புடைய முன்மடல் பகுதிக்கும் தாலமஸ் வழியாகச் செல்வது உறுதியானது.

1998: ஒரு நோய்க்குறித் தொகுதி

சிறுமூளையில் மட்டும் பாதிப்பு இருந்த 20 பேரை ஏழாண்டுக் காலத்தில் ஆராய்ந்த ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும் 1998இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். திட்டமிடல், இடவுணர்வு, மொழி, உணர்ச்சி ஆகிய நான்கிலும் குறைபாடுகள் காணப்பட்டன. பின்மடல் பாதிப்பு சிந்தனையையும், நடுவிலுள்ள புழு வடிவப் பகுதியின் பாதிப்பு உணர்ச்சியையும் மிகுதியாகக் குலைத்தன. சிலர் உணர்ச்சியற்று இருந்தனர். சிலர் இடம் அறியாது நடந்துகொண்டனர்.

ஷ்மாமன் இதைச் 'சிந்தனையின் அளவுப்பிழை' என விளக்கினார். சிறுமூளை பழுதுற்றவரின் கை, எட்ட வேண்டிய பொருளைத் தாண்டிச் செல்லும் அல்லது அதற்கு முன்பே நின்றுவிடும். சிந்தனையும் உணர்ச்சியும் அவ்வாறே அளவு தவறுகின்றன என்பது அவர் கருத்து. சிறுமூளையின் நுண்ணமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருப்பதும், அதே கணக்கீட்டை அது பல துறைகளுக்கும் செய்கிறது என்ற இவ்விளக்கத்துக்குத் துணையாகிறது. அக்கணக்கீடு எத்தகையது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

நோயாளிகளுக்கு இதன் பொருள்

சிறுமூளைக் கட்டியை அகற்றிய பின் சில குழந்தைகள் ஓரிரு நாளில் பேச்சை இழப்பதும், காரணமின்றி எரிச்சலுறுவதும் 1980களிலிருந்து பதிவாகியுள்ளன. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்க இயலாது. இது மூளைப் பாதிப்பின் விளைவு. பக்கவாதத்தில் சிறுமூளை பாதிக்கப்பட்டவரும் நடை சீரானதும் முழுமையாகக் குணமடைந்தவராகக் கருதப்படலாம். அவருடைய கவனக்குறைவும் சிடுசிடுப்பும் குணக்கேடாகத் தோன்றலாம். இவற்றைக் கண்டறியப் படுக்கையருகிலேயே செய்யத்தக்க சுருக்கமான ஒரு சோதனை 2018இல் வெளியிடப்பட்டது. நடையை மட்டும் பார்த்துவந்த மருத்துவம், இதனால் நோயாளியின் சொல்லையும் மனநிலையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியுள்ளது.